மருமகன் தந்த பூட்ஸ்

அந்த பூட்ஸைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். விரலை மடக்கி அதன் முனையில் தட்டினார்கள். உள்ளே இரும்பு. கதவைத் தட்டுவதுபோல டொக் டொக் என்று கேட்டது. அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்து, கயிறு கட்டிய அட்டைப்பெட்டியை எங்கள் முன்னறையில் பிரித்தபோது, பால்பொடி, தைலம், போர்வை எல்லாவற்றுக்கும் அடியில் அது இருந்தது. தவிட்டு நிறம், கணுக்காலுக்கு மேலே ஏறும் உயரம். பக்கத்து வீட்டு மாமா தட்டிப் பார்த்தது போதாதென்று அம்மிக் குழவியைத் தூக்கிவந்து முனைமேல் போட்டார். ஒரு கீறல்கூட விழவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். அந்த இரும்பைத் தானே உருக்கி ஊற்றியவர்போல அத்தான் சிரித்தார். என் அப்பா மட்டும் தட்டவில்லை. ஒரு கையால் தூக்கியவர், கொஞ்சம் யோசித்து இன்னொரு கையையும் கொடுத்தார். "நல்ல கனம் மருமவனே" என்றார். அத்தான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் மேலேயிருந்து கம்பி விழுந்தால் விரல் நசுங்காமல் இருப்பதற்காகக் கம்பெனி கொடுக்கிற பூட்ஸ் அது. வேளாங்கண்ணிக்கு நேர்ச்சையாக நடந்து போகவிருந்த அப்பாவின் கால்மேல் யார் கம்பி போடப் போகிறார்கள்? ஆனால் வளைகுடாவிலிருந்து வந்த பொருளைக் குறை சொல்லும் தைரியம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. அங்கே தூக்கிப் போட்ட டப்பா இங்கே அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். அதுவும் மருமகன் கொடுத்தது என்றால் அதற்குமேல் பேச்சே இல்லை.

எங்கள் ஊர் குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை. அப்பா கட்டுமரத்தில் போகிறவர். ஐம்பத்தெட்டு வயதுவரை அவர் காலில் செருப்பு ஏறியது கல்யாணத்துக்கும் திருவிழாப் பூசைக்கும்தான், அதுவும் கோயில் வாசல்வரை. அவருடைய பாதம் முன்பக்கம் விசிறிபோல விரிந்திருக்கும். பெருவிரல் தனியாக விலகி நிற்கும். ஈர மரத்தின்மேல் நின்று வலை இழுக்கிறவருக்கு அந்த விரல்தான் பிடிமானம். அலை தூக்கிப்போடும்போது பத்து விரலும் மரத்தைக் கவ்வுவதை நான் சின்னப் பிள்ளையில் கரையிலிருந்து பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட காலைக் கொண்டுபோய் அளவெடுக்காமல் ஓர் இரும்புக் கூண்டுக்குள் விடச் சொன்னார் அந்த மனிதர். இன்றைக்கும் அவரைப் பற்றி எழுதும்போது மரியாதை கொடுத்து எழுதுவது பழக்க தோஷம்தான்.

அப்பா நடக்கவேண்டிய காரணம் அக்காதான். கடல் ஊருக்குள் வந்த அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா கரையில் மீன் வாங்க நின்றிருந்தாள். அம்மா எங்களுக்கு ஏற்கெனவே இல்லை. அப்பா என்னை ஒரு மாடியில் ஏற்றிவிட்டு, ஒன்றரை நாள் அக்காவைத் தேடினார். வரிசையாகக் கிடத்தியிருந்தவர்களின் முகத்தில் மூடிய துணியை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்துக்கொண்டே போனார். மறுநாள் மத்தியானம் திங்கள்சந்தைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் யாரோ கொடுத்த சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். யாரோ லாரியில் ஏற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள். துணியை விலக்கிப் பார்த்துக்கொண்டு போனபோது அப்பா நேர்ந்துகொண்டார், பிள்ளை உயிரோடு கிடைத்தால் மாதாவிடம் நடந்தே வருகிறேன் என்று. வீடு கட்டியது, அக்காவைக் கட்டிக்கொடுத்தது, நான் நர்ஸ் படிப்பை முடித்தது என்று வருடங்கள் ஓடின. நேர்ச்சை அப்படியே நின்றது. அதற்குள் அவருக்குச் சர்க்கரை வந்துவிட்டது.

நான் நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டு போடும் அறையில் வேலை பார்த்தேன். இன்றும் அதே வேலைதான். நாள் முழுக்கச் சர்க்கரைக்காரர்களின் கால்களைக் கழுவித் துடைத்துக் கட்டுவது. ஆணி ஏறி இரண்டு நாளாகியும் தெரியாதவர்கள், சுடுதண்ணீரில் கால் வெந்தும் உணராதவர்கள், இப்படித் தினமும் வருவார்கள். வலிக்கிறது என்று சொல்கிறவரைப் பார்த்தால் எங்களுக்கு நிம்மதி. வலிக்கவில்லை என்று சிரிக்கிறவரைப் பார்த்தால்தான் பயம். அப்பாவின் காலைச் சோதித்தபோது பாதத்தின் முன்பக்கத்தில் பாதி உணர்ச்சி போயிருந்தது. வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால்தான் செருப்பா ஷூவா என்ற பேச்சே வீட்டில் கிளம்பியது. அத்தான் காதில் விழுந்ததும் பெட்டியில் பூட்ஸ் வந்தது.

அந்தச் சமயத்தில் எங்கள் அறைக்கு ஒரு பையன் வந்தான். புனேக்காரன், மலைப்பாதை வழியாகவே மாதக்கணக்கில் நடந்து கன்னியாகுமரிக்குப் போய்க்கொண்டிருந்தான். குதிகாலில் பழைய வடு, அதன்மேல் முள் கிழித்த புதுப் புண். வடு பூட்ஸ் செய்த வேலை என்றான். மலை நடைக்குக் கட்டாயம் வேண்டும் என்று எல்லாரும் சொன்னதால் நல்ல தோல் பூட்ஸில்தான் கிளம்பினானாம். பாதி வழியில் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, மலைப்பாதையில் ஓடுகிறவர்கள் போடுகிற ஷூவுக்கு மாறியிருக்கிறான். கழற்றி என் கையில் கொடுத்தான். மேலே வலைத்துணி, அடியில் வழுக்காமல் பிடிக்கிற முண்டுமுண்டான ரப்பர். வெறும் கையைப் பிடித்ததுபோல லேசாக இருந்தது. காலில் இருக்கும் கனத்தை ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை தூக்கி வைக்கிறோம், யோசித்துப் பாருங்கள் சிஸ்டர் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னான். நடக்க நடக்கக் கால் வீங்கும், அதனால் ஒரு அளவு பெரிதாக வாங்கவேண்டும், விரல்கள் உள்ளே விரிய இடம் வேண்டும் என்றான். திற்பரப்பு அருவியில் அதைப் போட்டுக்கொண்டே இறங்கினானாம், வெயிலில் நடந்து குலசேகரம் வருவதற்குள் காய்ந்துவிட்டதாம். எங்கள் டாக்டரும் அதை வாங்கி வளைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அந்த வாரமே நாகர்கோவிலில் கடை கடையாக ஏறி அப்படியொரு ஷூ வாங்கினேன். கடைக்காரர் 'ட்ரெயில் ஷூ' என்றார், வயசானவருக்கு எதுக்கு என்றும் கேட்டார். ஒரு அளவு பெரிது, முன்பக்கம் அகலம். சாம்பல் நிறத்தில் பச்சைக் கோடு. அப்பா முதலில் கூச்சப்பட்டார், பள்ளிக்கூடப் பையன் போடுகிறது என்றார். போட்டுக்கொண்டு தெருமுனையில் சிலுவை நிற்கும் குருசடிவரை நடந்து திரும்பி வந்தவர் வாசலில் நின்று காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது செருப்பா மக்கா, மெத்தையா?" என்றார். ஒரு மாதம் தினமும் காலையில் மணலிலும் தார் ரோட்டிலும் அதில் நடந்து பழகினார். நான் தினமும் அவர் பாதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு சிவப்புகூடக் கிடையாது. அந்த ஒரு மாதம் எனக்கு ஏதோ ஒரு காலையாவது புண் வருவதற்கு முன்னால் காப்பாற்றிவிட்டேன் என்ற திமிர் இருந்தது.

அத்தான் விடுமுறை முடிந்து வளைகுடாவுக்குத் திரும்பிவிட்டார். அப்பா கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் அக்கா வந்தாள். வந்ததும் அழுதாள். அவளுடைய அழுகைக்கு எங்கள் வீட்டில் எப்போதும் நல்ல மதிப்பு, சாவிலிருந்து திரும்பி வந்த பிள்ளை அல்லவா.

"ஏட்டி, அத்தான் ரூமுல உள்ள எல்லாருட்டயும் சொல்லி வச்சிருக்காவ, மாமா எனக்க பூட்ஸ போட்டுட்டுதான் மாதாட்ட போறாவன்னு. போட்டோ அனுப்பச் சொல்லியிருக்காவ. அப்பா வேற ஒண்ண போட்டுட்டுப் போனா நான் அந்த வீட்டுல எப்பிடி இருப்பேன்? மாமியாரு என்னத்தயெல்லாம் சொல்லுவாவ தெரியுமா?"

"அப்பாக்க காலு போனா நீ எப்பிடி இருப்ப?" என்று கேட்டேன்.

"ஒரு பூட்ஸ போட்டா காலு போயிருமா? நீ ஆஸ்பத்திரில அதயே பாத்துப் பாத்து எல்லாரயும் நோயாளியாக்குத."

நான் மூச்சு விடாமல் பேசினேன். இரும்புக்குப் பின்னால் ஒரு விளிம்பு இருக்கிறது, கால் மடங்கும்போதெல்லாம் அது விரலின்மேல் வெட்டும், அவருக்கு அது தெரியவே தெரியாது என்று நர்ஸ் பாஷையில் எல்லாவற்றையும் கொட்டினேன். பூட்ஸ் அத்தானுடைய அளவு, அப்பாவுக்கு ஒரு அளவு சின்னது என்பதைக் காலை உள்ளே விடச் சொல்லியே காட்டினேன். விரல்கள் மடங்கித்தான் உள்ளே போயின. அப்பா எல்லாவற்றையும் கேட்டார். புரியாமல் இல்லை, நன்றாகப் புரிந்தது. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. புரிந்துகொண்டே அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு செருப்புக்காவ ரெண்டு வீட்டுக்க எடயில பேச்சு வரண்டாம் மக்கா" என்றார். "பதினஞ்சு நாளுல்லா. போட்டுட்டுப் போறேன்."

நேர்ந்துகொண்டது மாதாவுக்கு. நடந்தது சம்பந்தி வீட்டுக்கு. எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவன் சாகும்வரை தலையைக் குனிந்தேதான் நிற்கவேண்டும், அவன் புயலுக்குப் பயப்படாதவனாக இருந்தாலும் சரி. மருமகன் தந்த சட்டை இறுக்கமாக இருந்தாலும் போடவேண்டும், தந்த சென்ட் தலைவலி கொடுத்தாலும் பூசவேண்டும். இதை யாரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை. அத்தான்கூடக் கட்டாயப்படுத்தினார் என்று சொல்ல முடியாது. அவர் ஒரு போட்டோதான் கேட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் நான் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். "அப்பம் போங்க. காலு அழுவி வந்தா கட்டு போட எனக்கிட்ட வரப்பிடாது." பையை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டேன். மறுநாள் கூட்டம் கிளம்பும்போது நான் வழியனுப்பக்கூட நிற்கவில்லை.

காவி உடுத்து நாற்பது பேர் போனார்கள். முன்னால் மாதா சுரூபம் வைத்த வேன், அதில் ஜெபமாலை சொல்லும் ஒலிபெருக்கி, பாய், பாத்திரம், அரிசி. கூட்டத்தை எங்கள் ஊர்க் கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் நடத்திக்கொண்டு போனார். அப்பா என்னுடைய ஷூவையும் எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார், கவரில் சுற்றி, வேனில் பாய்க்கு அடியில். இது எனக்குப் பிறகுதான் தெரியும். அஞ்சுகிராமத்தில் எடுத்த போட்டோ அத்தானுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகாவது மாற்றியிருக்கலாம். ஆனால் கூட வந்தவர்களில் நான்கு பேர் அத்தான் வீட்டுச் சொந்தக்காரர்கள். உவரியில், மணப்பாட்டில், தூத்துக்குடியில் மற்றவர்கள் கால் கொப்புளத்துக்கு எண்ணெய் தேய்த்தபோது, அப்பா பூட்ஸைக் கழற்றவே இல்லையாம். வலிக்கலியா அண்ணே என்று கேட்டதற்கு, "ஒண்ணும் வலிக்கல்ல, நல்ல பூட்ஸுல்லா" என்றாராம். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே வலிக்கவில்லை.

அந்த ஏழு நாளும் நான் போன் செய்யவில்லை. வீம்பு. தினமும் மற்றவர்களின் அப்பாக்களிடம், சாக்ஸைக் கழற்றிக் காலைப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தவள், என் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு தடவை போன் செய்து, கழற்றிப் பாருங்கள் என்று சொல்லியிருந்தால் அவர் கழற்றியிருப்பார். அத்தான்மேல் இருக்கும் கோபத்தை, அக்காமேல் இருக்கும் கோபத்தை நான் நீட்டி முழக்கிச் சொல்வேன். இந்த ஏழு நாளைப் பற்றி மட்டும் சுருக்கமாகத்தான் சொல்வேன்.

ஏழாவது நாள் சாயல்குடிப் பக்கத்தில் உபதேசியாருக்கு நாற்றம் அடித்திருக்கிறது. வேனில் எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்துப் பாய்களை உதறிப் பார்த்திருக்கிறார்கள். அப்புறம்தான் அப்பாவின் காலைப் பார்த்தார்கள். சாக்ஸ் விரலோடு ஒட்டியிருந்தது. வலது பெருவிரலும் அடுத்த விரலும் கறுத்துவிட்டன. அப்போதும் அப்பா, அந்த லேசான ஷூவைக் கொண்டுவா, அதைப் போட்டுக்கொண்டு நடந்துவிடுகிறேன் என்று கேட்டாராம். வேனிலிருந்து எடுத்தும் கொடுத்திருக்கிறார்கள். கால் வீங்கி அதற்குள் போகவில்லை. உபதேசியார் எனக்குப் போன் செய்தபோது பின்னால் ஒலிபெருக்கியில் ஜெபமாலை ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் நடந்து போய்க்கொண்டே இருந்தது. ஒரு காரைப் பிடித்து அப்பாவை நாகர்கோவிலுக்கு ஏற்றிவிட்டார்கள்.

ஸ்ட்ரெச்சரை நான்தான் பிடித்து இறக்கினேன். காய்ச்சல் கொதித்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தார். "வரப்பிடாதுன்னு சொன்ன. வந்துட்டேன் மக்கா" என்றார். கேலிக்குத்தான் சொன்னார். எங்கள் வீட்டில் இப்படித்தான் பேசிக்கொள்வோம். நான் கையுறை மாட்டப் போகிறவள்போல் அடுத்த அறைக்குப் போய், சுவரில் தலையை வைத்து நின்றேன்.

இரண்டு விரலை எடுத்தார்கள். அது நிற்கவில்லை. மூன்று வாரத்தில் பாதத்தின் முன்பாதியை எடுத்தார்கள். கட்டு தினமும் நான்தான் போட்டேன். காயம் ஆற ஐந்து மாதமானது. ஆறிய பிறகு ஒரு காலையில் யாரிடமும் சொல்லாமல் கரைக்குப் போய்க் கட்டுமரத்தில் ஏறி நின்று பார்த்திருக்கிறார். கரையில், மணலில் கிடந்த மரத்தில்தான், கடலில்கூட இல்லை. பக்கவாட்டில் சரிந்து விழுந்தார். தூக்கிவிட்டவர்களிடம் மணலைத் தட்டிவிட்டு, மரம் வழுக்குது என்றாராம். மரம் காய்ந்துதான் கிடந்தது. அதன்பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. விரல் போனதைவிட அவருக்கு நேர்ச்சை பாதியில் நின்றதுதான் துக்கம். மாதா என்ன நினைப்பாளோ என்பார். மாதா என்ன நினைப்பாள், மருமகன் என்ன நினைப்பான், சம்பந்தி என்ன நினைப்பாள் என்று ஆயுசு முழுக்க இதே கணக்குத்தான்.

மறுவருடம் அத்தான் விடுமுறைக்கு வந்தார். வந்தவர் ஒரு அறிவிப்பு செய்தார், மாமா விட்ட இடத்திலிருந்து தானே நடந்து நேர்ச்சையை முடித்துவைக்கப் போவதாக. ஊரே மெச்சியது. பங்குச் சாமியார் பூசையில் பெயர் சொல்லி ஜெபித்தார். அப்பாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அத்தான் சாயல்குடிக்கு வண்டி ஏறுகிற அன்று காலையில் எங்கள் வீட்டுக்கு ஆசீர்வாதம் வாங்க வந்தார். காவி வேட்டி, கழுத்தில் ஜெபமாலை. காலில் வலைத்துணி ஷூ, லேசானது. நான் அப்பாவுக்கு வாங்கிய அதே வகை, நிறம்தான் நீலம்.

"பூட்ஸ் எங்க அத்தான்?" என்று கேட்டேன்.

"அதயா? அத போட்டுட்டு யாராவது இவ்வளவு தூரம் நடப்பாவளா?" என்று சிரித்தார். "சைட்டுல எட்டு மணிக்கூர் போட்டாலே நமக்கு காலு செத்துரும். ரூமுக்கு வந்த ஒடனே கழத்தி எறிஞ்சிட்டுதான் மறு வேல."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அவருக்கு எதுவும் ஞாபகமே வரவில்லை. அக்காவுக்கு வந்தது. அவள் தலையைக் குனிந்து பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தாள்.

"பின்ன எனக்க அப்பாவுக்கு என்னத்துக்குத் தந்திய?" என்று கேட்டேன். "ஒங்க காலு காலு, எங்க அப்பாக்க காலு தேங்காத் தொண்டா?"

அப்பாவின் நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. என்னைப் பார்த்துத்தான்.

"ஏட்டி! மருமவன்ட்ட பேசுத பேச்சா இது?" அப்பா என்னை வாழ்க்கையில் அதட்டியது அந்த ஒரு தடவைதான். பாதிப் பாதத்தை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். பிறகு அத்தான் பக்கம் திரும்பி, குரலை இறக்கி, "நல்ல ஷூ மருமவனே. லேசா இருக்கா?" என்று கேட்டார். அத்தான் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். அப்பா ஒற்றைக் கையால் வாங்கினார். இன்னொரு கை தேவைப்படவில்லை.

அத்தான் நடந்து முடித்தார். காலில் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தார். அப்பா அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். அவருடைய அடக்கத்தன்று சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்து அத்தான் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார், மாமாவுடைய நேர்ச்சையை நான்தான் முடித்தேன் என்று. எல்லாரும் ஆமாம் என்றார்கள். நான் சோற்று வாளியை வைத்துவிட்டு வெளியே போனேன்.

இப்போது எங்கள் அறைக்கு ஒருவர் வந்தால் சர்க்கரை எவ்வளவு என்று நான் முதலில் கேட்பதில்லை. காலில் கிடப்பதைப் பார்த்து, "இத யாரு வாங்கித் தந்தது?" என்றுதான் கேட்பேன். போன மாதம் புதுக்கடைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மகள் வீட்டில் கொடுத்த கட்டித் தோல் பூட்ஸ். சின்ன விரலில் கொப்புளம், நல்லவேளை அவ்வளவுதான். கழற்றி வாங்கி, ரத்தப் பஞ்சு போடுகிற மஞ்சள் தொட்டியில் போட்டு மூடினேன். அதிலிருந்து யாரும் எதையும் திரும்ப எடுக்கமாட்டார்கள். அவர் மனைவி சத்தம் போட்டாள். "மருமவன் கேட்டா என்ன சொல்ல சிஸ்டர்?" என்று பெரியவர் நடுங்கினார். எனக்க பேரச் சொல்லுங்க என்றேன். நிர்வாகத்திலிருந்து விளக்கம் கேட்டுத் தாள் வந்தது. பதில் எழுதிக் கொடுத்தேன், இனியும் போடுவேன் என்று.

எழுதிக் கொடுத்துவிட்டு வந்து கை கழுவும்போது, ஒவ்வொரு முறையும்போல அன்றும் அந்த முந்தின நாள் காலைப்பொழுது கண்முன்னே வந்து நின்றது. அக்கா அழுகிறாள். அப்பா நாற்காலியில் இருக்கிறார். பூட்ஸ் என் காலடியில் கிடக்கிறது. எங்கள் வீட்டு வாசலில் இறங்கினால் முப்பது அடியில் கடல். இரண்டு கையாலும் தூக்கி எறிந்திருக்கலாம். நான் வாயால் பேசிவிட்டு டியூட்டிக்குப் போனேன்.